பட்டறையும் பயிலகமும்: தமிழகப் பொற்பணிக் கல்வியில் கற்றலின் விலை

ஆய்வுச்சுருக்கம்

பொன் நகை செய்யும் கலை தமிழகத்தில் நெடுங்காலம் வீட்டுப் பட்டறையில், தந்தை மகனுக்குக் கற்பிக்கும் முறையில் பயிலப்பட்டது. இன்று அதன் ஒரு பகுதி கட்டணம் பெற்றுச் சான்றிதழ் வழங்கும் பயிலகங்களுக்கு இடம்பெயர்ந்துள்ளது. இம்மாற்றம் பெரும்பாலும் மரபின் அழிவாகவோ அறிவின் விடுதலையாகவோ விளக்கப்படுகிறது. பட்டறைக் கல்வியும் இலவசமாக அமைந்ததன்று. அதன் விலை உழைப்பாகவும் காலமாகவும் பிறர்க்கு அடைக்கப்பட்ட கதவாகவும் பெறப்பட்டது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. கற்கும் கையின் பிழையால் விளையும் இழப்பை யார் ஏற்பது என்னும் வினாவை அளவுகோலாகக் கொண்டு, சோழர் காலக் கல்வெட்டு முதல் அண்மைக்கால அரசுத் திட்டங்கள் வரையிலான வரலாறு இதில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பொற்கொல்லர், வீட்டுப் பட்டறை, சேதாரம், பொன் கட்டுப்பாட்டுச் சட்டம், குலக்கல்வி, புவிசார் குறியீடு, சான்றிதழ்.

முன்னுரை

கைவினைக் கல்வி பற்றிய ஆய்வுகளில் வீட்டுக் கல்வியும் நிறுவனக் கல்வியும் எதிரெதிர் முனைகளாக நிறுத்தப்படுவது வழக்கம். ஆனந்த குமாரசுவாமி 1909இல் வெளியிட்ட இந்தியக் கைவினைஞர் பற்றிய நூலில், தந்தையின் பட்டறையில் உண்மையான பணியைச் செய்துகொண்டே கற்கும் முறையை உயர்த்திப் பேசினார். தொழில்நுட்பம் வாழ்க்கையிலிருந்து பிரிக்கப்படாமல் கற்பிக்கப்படுவதே அம்முறையின் சிறப்பு என்பது அவர் கருத்தாகும். இதற்கு மறுதலையாக, குலத்தோடு தொழிலைப் பிணைக்கும் எந்தக் கல்வியும் சமூக ஏற்றத்தாழ்வை நிலைநிறுத்தும் என்னும் கருத்து தமிழகத்தில் வலுவாக எழுந்தது. இவ்விரு நிலைப்பாடுகளும் தத்தம் அளவில் உண்மையுடையன. எனினும் பொற்பணியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரு பொருளியல் உண்மையைப் போதிய அளவு கருதவில்லை. மட்கலம் வனையக் கற்பவர் கெடுத்த மண்ணை மீண்டும் பிசைந்துகொள்ளலாம். பொற்பணி கற்பவர் அரத்தால் அளவுக்கு மீறித் தேய்த்த பொன்னின் ஒவ்வொரு துகளுக்கும் கணக்கு உண்டு. பொற்கொல்லரிடம் வரும் உலோகம் பெரும்பாலும் அவருடையதன்று. எடை பார்த்துப் பெற்று எடை பார்த்தே திருப்பித் தரவேண்டிய பிறர் உடைமை அது. இத்தொழிலின் கல்விமுறையை இந்த அடிப்படையே வடிவமைத்தது எனலாம்.

பட்டறை என்னும் பள்ளி

மரபுவழிப் பட்டறையில் கல்விக்குப் பாடத்திட்டம் இல்லை. ஆனால் திட்டமான வரிசை உண்டு. சிறுவன் முதலில் நெருப்பைப் பேணவும் ஊதுகுழலில் ஒரே சீராக மூச்சைச் செலுத்தவும் பழகுகிறான். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, மூக்கின்வழி மூச்சிழுத்தபடியே சுடரை அறுபடாமல் ஊதும் பழக்கம் கைவர மாதங்கள் ஆகும். அடுத்துச் செம்பிலும் வெள்ளியிலும் கம்பி இழுத்தல், தகடு தட்டுதல், அராவுதல் ஆகியன கற்பிக்கப்படுகின்றன. பற்றாசு வைத்து ஒட்டும் பணி அதன் பின்னரே வருகிறது. வெங்காரம் இட்ட இணைப்பில் பற்றாசு உருகி ஓடும் கணத்திற்கும் நகையே உருகிவிடும் கணத்திற்கும் இடைப்பட்ட வேறுபாட்டை நெருப்பின் நிறம் கொண்டே உணரவேண்டும். இவ்வறிவு சொற்களில் முழுமையாக அடங்குவதில்லை. அருகிலிருந்து கண்டும், தவறியும், திருத்தப்பட்டுமே பெறப்படுகிறது.

பொன் கையில் தரப்படுவது இவற்றின் இறுதியில்தான். அப்போதும் மாணவனின் பிழையைப் பட்டறையே தாங்கிக்கொண்டது. அராவிய தூளைச் சேர்க்கப் பணிமேடையின்கீழ் துணியோ தோலோ விரிக்கப்பட்டது. தரையின் குப்பையும் கைகழுவிய நீரும்கூட வீணாக்கப்படாமல் சேமிக்கப்பட்டன. பட்டறைத் தெருக்களின் மண்ணை அரித்துப் பொன்னைப் பிரித்தெடுப்போர் தனித் தொழிலினராகவே விளங்கினர். செய்கூலியோடு சேதாரமும் கணக்கிடப்படும் வழக்கம் பணியில் தவிர்க்க இயலாத இழப்புக்கான ஏற்பாடாகும். தேர்ந்த கை அவ்வரம்பிற்குள் நின்றது. பயிலும் கை அதனைத் தாண்டியபோது மிகுதியைக் குடும்பம் ஈடுசெய்தது. குடும்ப உறவு இவ்வகையில் ஒரு பிணையாகச் செயற்பட்டது. அயலாரின் பிள்ளைக்குப் பிறர் பொன்னைப் பழகுபொருளாகக் கொடுக்கத் தயங்கியதன் ஒரு காரணம் இதுவே. தொழில்மறை காத்தல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதன் பின்னணியில் இத்தகைய இழப்பு அச்சமும் இருந்தது நோக்கத்தக்கது.

இக்கல்விக்குக் கட்டணம் இல்லை என்பது மேலோட்டமான கூற்றாகும். மகனின் பல்லாண்டு ஊதியமற்ற உழைப்பே அதன் கட்டணம். பள்ளிக்கல்வியை இடையில் நிறுத்த நேர்ந்த இழப்பும் அதனுள் அடங்கும். இவற்றைவிடப் பெரிய விலையைக் கற்க இயலாதவர்களே செலுத்தினர். பிற சமூகத்தினருக்கு உலைக்களத்தில் இடமில்லை. பொற்கொல்லர் குடும்பத்துப் பெண்கள் மணி கோத்தல் போன்ற துணைப்பணிகளைச் செய்தபோதும், முறையான பயிற்சி பெரும்பாலும் ஆண்மக்களுக்கே உரியதாயிற்று.

உறவுரிமையும் தகுதியும்: ஒரு கல்வெட்டுச் சான்று

மரபுத்தொழில் எக்காலத்தும் பிறப்பை மட்டுமே அடிப்படையாகக் கொண்டிருந்தது எனக் கொள்வதும் பொருந்தாது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் இறைத்திருமேனிகளுக்கு வழங்கப்பட்ட அணிகலன்களைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என எடையிட்டு விரிவாகப் பதிவுசெய்கின்றன. பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்னும் கல்லும், மணிகளை நிறுக்க ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லும் பயன்பட்டன. கோயிற்பணியாளர்க்குரிய நெற்பங்குகளை வகுக்கும் அவ்வரசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள், இசைவாணர், கணக்கர் முதலியோருடன் கைவினைஞரையும் குறிப்பிடுகிறது.

அக்கல்வெட்டின் வாரிசு விதி இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. பங்குடையவர் இறந்தாலோ வேற்றிடம் சென்றாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். அவ்வுறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடைய பிறரைக் கொண்டு பணியைச் செய்விக்கவேண்டும். உறவினரே இல்லையாயின் அத்தகைய பணியில் உள்ள மற்றவர்கள் தகுதியுடைய ஒருவரைத் தெரிந்தெடுக்கவேண்டும். உறவு வருவாயின்மீது உரிமையைத் தந்தது. ஆனால் பணித்திறனுக்கு அதுவே சான்றாகக் கொள்ளப்படவில்லை. தகுதியை அளப்பவர் அதே பணியைச் செய்தவர் என்பதும் இதனால் பெறப்படுகிறது. ஆயிரமாண்டுகளுக்கு முற்பட்ட இவ்விதி, பிறப்புரிமையையும் பணித்திறனையும் வெவ்வேறாக வைத்து எண்ணியுள்ளது.

திறனோடு இணைந்த மற்றொன்று நம்பகம். சிலப்பதிகாரத்தில் கோவலனின் அழிவுக்குக் காரணமானவன் அரண்மனைப் பொற்கொல்லன். கௌடிலீயத்தின் அர்த்தசாத்திரம் பொற்கொல்லர் பொன்னைக் கவரும் வழிகளை வகைப்படுத்திக் கூறுகிறது. இவை ஒரு சமூகத்தின் இயல்பைக் காட்டும் சான்றுகள் அல்ல. பொன்னைக் கொடுப்பவர்க்கும் அதைப் பணிசெய்பவர்க்கும் இடையிலான அறிவு இடைவெளி தோற்றுவித்த அச்சத்தின் பதிவுகள். தலைமுறைகளாக ஒரே தெருவில் வாழும் குடும்பம் என்னும் அறிமுகம் அவ்வச்சத்திற்கு மாற்றாக நின்றது. பட்டறை திறனோடு நற்பெயரையும் மகனுக்குக் கையளித்தது.

வரைபடத்தின் வருகை

நிறுவனம் சார்ந்த கைவினைக் கல்வியின் தொடக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்தது. அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி பின்னர் அரசின் பொறுப்பில் வந்தது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சியாகும். அங்குக் கல்வியின் அடிப்படையாக வரைதல் அமைந்தது. பட்டறையிலும் கோலமும் உருவமும் வரையப்பட்டதுண்டு. எனினும் ஒரு வடிவம் அச்சுகளிலும் பழைய நகைகளிலும் கைநினைவிலுமே பெரிதும் வாழ்ந்தது. கலைப்பள்ளியில் வடிவம் தாளில் தோன்றிப் பின்னரே பொருளுக்கு வந்தது.

இதனால் வடிவமைப்பவரும் செய்பவரும் இருவேறு ஆட்களாகப் பிரியும் வாய்ப்பு உண்டாயிற்று. சென்னையின் பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனம் ஐரோப்பியர்க்கென விற்ற, தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கும் ‘சுவாமி நகைகள்’ இப்பிரிவினைக்கு எடுத்துக்காட்டாகும். உள்ளூர்க் கைவினைஞரின் நகாசுத்திறன் அந்நகைகளில் பயன்பட்டது. அவை நிறுவனத்தின் பெயரால் அறியப்பட்டன. 1884இல் சென்னைப் பள்ளியின் பொறுப்பேற்ற ஈ.பி. ஹேவல் மாகாணத்தின் கைத்தொழில்களை நேரில் ஆராய்ந்து, உள்நாட்டு மரபையே கல்விக்கு அடிப்படையாக்க விழைந்தார். ஆயினும் தாளில் வரையத் தெரிந்தவர் மேலென்றும் நெருப்பின்முன் அமர்பவர் கீழென்றும் கருதும் படிநிலை வேரூன்றியது. இன்றைய பயிலகங்களில் நகை வடிவமைப்புக்குரிய மதிப்பு நகைசெய் பணிக்கு இல்லாமையின் வரலாற்று வேர் இங்குள்ளது.

குலக்கல்வி விவாதமும் பொற்பணியும்

வீட்டில் கற்றல் என்னும் கருத்து தமிழக அரசியலின் மையத்திற்கு வந்தது 1953இல். முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் ஊர்ப்புறப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலிலோ ஊரிலுள்ள கைத்தொழிலிலோ பழக வகைசெய்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் இதனைக் குலக்கல்வித் திட்டம் எனக் கண்டித்துப் போராடினர். 1954இல் இராசகோபாலாச்சாரியார் பதவி விலகினார்; அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

இவ்விவாதத்தில் பொற்கொல்லரின் நிலை தனித்து ஆராயத்தக்கது. ‘தந்தையின் தொழில்’ என்னும் ஒரே தொடர் வெவ்வேறு குடும்பங்களில் வெவ்வேறு பொருள் தந்தது. பொற்கொல்லர் மகனுக்கு அது சந்தை மதிப்புடைய திறனைக் குறித்தது. இழிவெனச் சுமத்தப்பட்ட பணிகளைச் செய்ய நேர்ந்த குடும்பங்களின் பிள்ளைக்கு அது மீளமுடியாத தளையைக் குறித்தது. வீட்டுப் பட்டறையைச் சிறந்த பள்ளியாகக் காட்டும் வாதங்கள் பெரும்பாலும் பொற்பணி, சிற்பம், நெசவு போன்ற நுண்தொழில்களையே சான்றாகக் கொள்கின்றன. அவற்றைக் கொண்டு எல்லாத் தொழில்களுக்கும் விதி செய்வது பிழையாகும் என்பதைத் திட்டத்தின் எதிர்ப்பாளர்கள் சரியாகவே உணர்த்தினர். ஆனால் வீட்டில் கற்பிக்கலாகாது என்றபின், நுண்தொழில்களை வேறெங்கு, யார் செலவில், யாருக்கெல்லாம் கற்பிப்பது என்னும் வினா அவ்வெற்றிக்குப் பின்னும் விடையின்றி நின்றது.

பொன் கட்டுப்பாடு: கையிலிருந்த உலோகம் பறிபோனமை

அவ்வினாவுக்கு விடை காணுமுன் பட்டறையே நெருக்கடிக்குள்ளானது. சீனப் போரை அடுத்து, நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் காலத்தில் 1963 சனவரியில் பொன் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையுடைய நகைகளைச் செய்வது தடைசெய்யப்பட்டது. நாடெங்கும் பொற்கொல்லர் வேலையிழந்தனர். வறுமையால் தற்கொலை செய்துகொண்டோர் பற்றிய செய்திகள் நாடாளுமன்றத்திலும் எதிரொலித்தன.

இவ்விதியைக் கல்வி வரலாற்று நோக்கில் அணுகும்போது மற்றொரு கூறு புலப்படுகிறது. 22 காரட் பொன்னில் தூய பொன் ஏறத்தாழ 91.6 விழுக்காடு, 14 காரட்டில் அது 58.5 விழுக்காடு மட்டுமே. கலப்பு மிகுந்த உலோகம் கடினமானது. எளிதில் தகடாக விரிவதில்லை. உருகுநிலையும் நிறமும் பற்றாசின் இயல்பும் மாறுகின்றன. தலைமுறைகளாகக் கையில் படிந்த அறிவு ஒரே ஆணையால் வேறொரு உலோகத்தின்முன் நிறுத்தப்பட்டது. 14 காரட் தடை 1966இல் நீக்கப்பட்டபோதும், 1968ஆம் ஆண்டின் பொன் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமம், கணக்கேடு, இருப்பு வரம்பு ஆகியவற்றைத் தொடர்ந்து வலியுறுத்தியது.

‘சான்றிதழ் பெற்ற பொற்கொல்லர்’ என்னும் சட்டவகை அச்சட்டத்தில் இடம்பெற்றது. அச்சான்று கைத்திறனை அளந்து வழங்கப்பட்டதன்று. அரசின் கணக்குக்குள் ஒருவர் வந்துவிட்டார் என்பதைக் காட்டுவது. திறனுக்கும் சான்றிதழுக்கும் இடையிலான இடைவெளி இவ்வாறு பயிலகங்களின் பெருக்கத்திற்கு முன்னரே தொடங்கிவிட்டது. நிச்சயமற்ற தொழிலில் மகனைப் பத்தாண்டு அமர்த்துவதைவிடப் பள்ளிக்கு அனுப்புவதே நன்று என்னும் முடிவுக்குப் பல குடும்பங்கள் வந்ததில் வியப்பில்லை. சட்டம் 1990இல் நீக்கப்பட்டபோது பொன் மீண்டது. இடைப்பட்ட காலத்தில் கற்காமல் விடுபட்ட கைகள் மீளவில்லை.

பயிலகம் தருவதும் தராததும்

1990க்குப் பின் நகைத்தொழிலின் அமைப்பே மாறியது. இரப்பர் அச்சில் மெழுகு உருவங்களை எடுத்து வார்க்கும் முறை, கணினி வடிவமைப்பு, மெழுகில் முப்பரிமாண அச்சு ஆகியன கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் பரவின. பணி பல துண்டுகளாகப் பிரிந்தது. மெழுகு, வார்ப்பு, அராவல், கல் பதிப்பு, மெருகு என ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் அமர்ந்தார். முழு நகையையும் ஒருவரே செய்யும் நிலை தளர்ந்ததால் ஒரு பகுதியை மட்டும் சில மாதங்களில் கற்பது இயலுவதாயிற்று. பொற்கொல்லர் மரபில் பிறவாதோரும் வங்காளத்திலிருந்து வந்த தொழிலாளரும் இத்துறையில் இடம்பெற்றனர்.

கட்டணப் பயிலகம் இச்சூழலின் விளைவாகும். அதன் பயன்களைக் குறைத்து மதிப்பிட இயலாது. குலமும் பாலினமும் கேளாமல் அது சேர்க்கிறது. உலைமுன் இடம்பெறாத பெண்கள் வடிவமைப்பாளராகவும் மணியியல் வல்லுநராகவும் உருவாக அது வழி திறந்தது. பட்டறை வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் வைத்திருந்த அறிவை அளவிட்டுச் சொல்லக் கற்றுத்தந்தது. உடல்நலமும் இதில் அடங்கும். காட்மியம் கலந்த பற்றாசின் ஆவி நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லது. காற்றோட்டமற்ற சிறு அறையில் தந்தையும் மகனும் அருகருகே அமர்ந்து அதனைச் சுவாசித்ததும் வீட்டுக்கல்வியின் விலைகளுள் ஒன்றே.

ஆயினும் பயிலகத்தின் எல்லையும் பொன்னிலேயே உள்ளது. கட்டணம் எவ்வளவாயினும், மாணவர் பிழை செய்து பழகும் அளவுக்குப் பொன்னை வழங்க எப்பயிலகத்தாலும் இயலாது. செம்பும் பித்தளையும் வெள்ளியும் மெழுகும் கணினித் திரையுமே அங்குப் பழகுபொருள்கள். பட்டறையிலும் தொடக்கம் செம்பில்தான். ஆனால் அங்குச் செம்பிலிருந்து பொன்னுக்குச் செல்லும் வழி ஒரே கூரையின்கீழ்த் தொடர்ந்தது. பயிலகத்தில் அவ்வழி சான்றிதழோடு நின்றுவிடுகிறது. எஞ்சிய கல்வியை மாணவர் வேலைக்குச் சேர்ந்த இடத்திலேயே, குறைந்த ஊதியத்தில் பெறுகிறார். ஆகவே கட்டணம் செலுத்திக் கற்றவரும் உழைப்பாக மற்றொரு கட்டணத்தைச் செலுத்தவேண்டியவராகிறார்.

நம்பகத்தின் இடமும் மாறியுள்ளது. பொன் நகைகளுக்கு 2000இல் தொடங்கிய ஹால்மார்க் முத்திரை முறை 2021 சூன் முதல் 256 மாவட்டங்களில் கட்டாயமாக்கப்பட்டது. தூய்மையை உறுதிசெய்யும் பொறுப்பு குடும்பத்தின் நற்பெயரிலிருந்து ஆய்வுக்கூடத்திற்குச் சென்றது. வாங்குவோர்க்கு இது நன்மையே. எனினும் நகையில் உள்ள பொன்னின் அளவைச் சொல்லும் முத்திரை அதைச் செய்த கையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

வடசேரி: எஞ்சி நிற்கும் பட்டறை

கைத்திறனே பொருளின் மதிப்பாக அமையும் இடங்களில் பட்டறைக் கல்வி இன்றும் நிலைக்கிறது. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகள் இதற்குத் தக்க சான்றாகும். வெள்ளியில் சட்டம் அமைத்து, உள்ளீடு நிரப்பி, சிவப்புக் கற்களைப் பதித்து, அவற்றைச் சுற்றித் தங்கத் தகடு பொருத்தும் இந்நகைகள் பரதநாட்டியக் கலைஞரிடையே பெயர்பெற்றவை. நாகர்கோவில் கோயில் நகைகள் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. அக்குறியீடு பெயரைக் காக்கிறது. பிற இடத்துப் போலிகள் அப்பெயரில் விற்கப்படுவதைத் தடுக்க உதவுகிறது. ஆனால் அடுத்த தலைமுறை கற்கும் ஆண்டுகளுக்கு அது பொறுப்பேற்பதில்லை. பொருளுக்குச் சட்டக் காப்பு உண்டு; அப்பொருளைச் செய்யும் கல்விக்கு இல்லை.

அண்மைக்கால அரசுத் திட்டங்களிலும் இதே வெற்றிடம் காணப்படுகிறது. ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம், பொற்கொல்லர் உள்ளிட்ட 18 தொழிலினர்க்குக் குறுகியகாலப் பயிற்சி, நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, 15,000 ரூபாய்க்கான கருவித்தொகுதி, குறைந்த வட்டிக்கடன் ஆகியவற்றை வழங்குகிறது. குடும்பம் சார்ந்த மரபுத்தொழில் என்னும் தகுதிவரம்பையும், 18 வயது என்னும் குறைந்த வயதையும் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. 1953இன் குலக்கல்வி விவாதம் மீண்டும் நினைவுகூரப்பட்டது. அதற்கு மாற்றாகக் குலத்தொழில் வரம்பின்றி, 35 வயது நிறைந்தோர்க்கென 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கப்பட்டது. முன்னது இளைஞரைக் குலத்தோடு பிணைக்கக்கூடும் என்னும் அச்சம் வரலாற்று நியாயமுடையது. பின்னது ஏற்கெனவே கற்றுத் தேர்ந்தவர்க்கே கைகொடுக்கிறது. ஆகவே பொற்பணியைப் புதிதாகக் கற்க விழையும் 20 வயதினர்க்கு, எக்குலத்தவராயினும், பல்லாண்டுப் பயிற்சிக்கு ஊதியமும் உலோகமும் தரும் ஏற்பாட்டை இரண்டிலும் காண இயலவில்லை. 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம் பயிற்சிக்காலத்தில் உதவித்தொகை பெற வழிசெய்தபோதிலும், ஓரிருவர் மட்டுமே பணிபுரியும் வீட்டுப்பட்டறை அதன் வரம்பிற்குள் எளிதில் அடங்குவதில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. வீட்டுப் பட்டறைக் கல்வி கட்டணமற்றதாகத் தோன்றினும், ஊதியமற்ற உழைப்பு, உடல்நலக் கேடு, பிறர்க்கு மறுக்கப்பட்ட வாய்ப்பு ஆகிய வடிவங்களில் விலை பெற்றது. கட்டணப் பயிலகம் அவ்விலையின் ஒரு பகுதியைப் பணமாக மாற்றியது, முழுவதையும் நீக்கவில்லை.

2. பட்டறை மூடிய வாயிலோடு விளங்கியதற்குக் குலக் கட்டுப்பாட்டோடு, பிறர் பொன்னில் நேரும் பிழையை ஈடுசெய்யும் பொறுப்பும் காரணமாகும். அப்பொறுப்பைப் பொதுநிறுவனம் ஏற்காதவரை வாயில் திறந்தாலும் கல்வி முழுமை பெறாது.

3. 14 காரட் விதி பொற்கொல்லரின் வருவாயை மட்டுமன்றி அவர்தம் கல்வித் தொடர்ச்சியையும் அறுத்தது. பொன் கட்டுப்பாட்டுக் காலத்தைக் கல்வி வரலாற்றின் பகுதியாகவும் கருதவேண்டும்.

4. உறவுரிமையை ஏற்றும், பணிக்குத் தகுதியை வேண்டியும், அத்தகுதியை அளக்கும் பொறுப்பை உடன்பணியாளரிடம் ஒப்படைத்தும் அமைந்த தஞ்சைக் கல்வெட்டின் விதி, பிறப்பையும் திறனையும் பிரித்து நோக்குவதற்கான சான்று தமிழக வரலாற்றுக்குள்ளேயே இருப்பதைக் காட்டுகிறது.

பட்டறையா பயிலகமா என்னும் வினா இவ்விடத்தில் தன் கூர்மையை இழக்கிறது. வடிவமைப்பு, உலோகவியல், மணியியல், உடற்பாதுகாப்பு ஆகியவற்றைப் பயிலகம் நன்கு கற்பிக்கும். நெருப்பின் நிறத்தையும் கையின் அளவையும் பட்டறையே கற்பிக்கும். தேர்ந்த பொற்கொல்லரை ஊதியம் பெறும் ஆசிரியராக ஏற்று, குலமும் பாலினமும் நோக்காது பழகுநரைச் சேர்த்து, பயிற்சியில் நேரும் சேதாரத்தைப் பொதுநிதி ஈடுசெய்யும் ஏற்பாடு உருவாகுமாயின் இரண்டும் இணையலாம். கற்கும் கை தவறும். அத்தவற்றின் எடையைத் தனிக் குடும்பமோ தனி மாணவரோ மட்டும் சுமக்கும்வரை, இத்தொழிலில் யார் கற்பது என்பதைத் திறனுக்கு முன்பாகப் பொருள்வளமே தீர்மானிக்கும்.